ரெஃப்ரியை முறையாகத் திட்டுவது எப்படி

ஃபுட்பால் பார்க்கிறவர் ரெஃப்ரியைத் திட்டாமல் இருக்க முடியாது. திட்டுவதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு கேரளா பிளாஸ்டர்ஸ், லிவர்பூல் என்ற இரண்டு கிளப்புக்கும் தொண்டை கிழியக் கத்துகிற ஆள் நான், வயிற்றெரிச்சலுக்குப் பஞ்சமே இல்லை. இடையிடையே அணிக்கு ஏழு பேர் ஆடும் ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் ஆட்டங்களில் விசிலும் ஊதுகிறேன். திட்டு கொடுத்தும் பழக்கம், வாங்கியும் பழக்கம். அதில் கண்டது ஒன்றுதான்: திட்டுவதற்கு நல்ல காரணம் பக்கத்திலேயே கிடக்கும், நம்மவர்கள் அதை விட்டுவிட்டு இல்லாத காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

முதலில், என்ன கொடுத்தார் என்று பாருங்கள். ரீப்ளே ஓடும்போது எல்லோர் கண்ணும் விழுந்து கிடக்கிற வீரர் மேல்தான் இருக்கும். நீங்கள் ரெஃப்ரியின் கையைப் பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினால் ஃபவுலைப் பார்த்துவிட்டார், ஆனால் அட்வான்டேஜ் கொடுத்து ஆட்டத்தை ஓட விடுகிறார் என்று பொருள். அதுகூடத் தெரியாமல் “குருடனாடா நீ” என்று கத்துகிறோம். ஃப்ரீ கிக்குக்கு ஒரு கையை மேலே தூக்கியபடி நின்றால் அது இன்டைரக்ட், நேராகக் கோலுக்குள் அடித்தால் செல்லாது. காதில் விரல் வைத்து மறு கையை நீட்டினால் வி.ஏ.ஆர் (வீடியோ பார்த்து உதவும் ரெஃப்ரி) அறையோடு பேசிக்கொண்டிருக்கிறார். காற்றில் சதுரம் வரைந்தால்தான் அது முறையான மறுபரிசீலனை. லைன்மேன் கொடியைத் தாமதமாகத் தூக்குவதும் தூக்கம் இல்லை. வி.ஏ.ஆர் உள்ள ஆட்டத்தில், கோல் வாய்ப்பு முடியும் வரை காத்திருக்கச் சொல்லித்தான் அவருக்குப் பயிற்சி.

அடுத்து, உங்கள் கோபம் எந்த வகை என்று பிரியுங்கள். இதுதான் முக்கியமான வேலை. நான் நாலாகப் பிரிப்பேன்: நடந்ததையே தப்பாகப் பார்த்தது, பார்த்ததைத் தப்பாக எடைபோட்டது, சட்டமே அப்படி இருப்பது, முறை பிசகியது.

முதல் வகைக்கு 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த அடி. ப்ளூம்ஃபொன்டெய்னில் ஜெர்மனிக்கு எதிராக, பந்து குறுக்குக் கம்பியில் பட்டுக் கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. கோல் இல்லை என்றார்கள். இதில் வாதத்துக்கே இடமில்லை, தாராளமாகத் திட்டலாம். பலனும் கிடைத்தது, இரண்டு வருடத்தில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி வந்தது.

இரண்டாவது வகையைப் பின்னால் ரீப்ளே பேசும்போது பார்ப்போம். மூன்றாவது வகைக்கு, அதே உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் உருகுவேயின் சுவாரெஸ் கோட்டின் மேல் நின்று பந்தைக் கையால் தள்ளினார். சிவப்பு அட்டை, பெனால்டி. கானாவின் கியான் அடித்த பந்து கம்பியில் பட்டுப் போனது, பெனால்டி ஷூட்டவுட்டில் உருகுவே ஜெயித்தது. ஆப்பிரிக்கா முழுக்க எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை. ஆனால் ரெஃப்ரி என்ன தப்பு செய்தார்? சட்டத்தில் இருந்த தண்டனை மொத்தத்தையும் கொடுத்தார். அந்தக் கோபத்தைச் சட்டம் எழுதுகிறவர்களிடம் காட்டுங்கள். 1886இல் தொடங்கிய ஐஃபாப் என்ற குழு அது. நான்கு பிரிட்டிஷ் சங்கங்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நாலு, எதையும் மாற்ற ஆறு ஓட்டு வேண்டும். இதைக் கேட்டால் இன்னும் கோபம் வரும், வரட்டும்.

நாலாவது வகையில்தான் ரசிகனின் கை ஓங்கும். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் எதிர் லிவர்பூல், நம் ஊர் நேரப்படி இரவு 10 மணி ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு லைன்மேன் ஆஃப்சைடு (பந்து கொடுக்கும் நொடியில் எதிரணித் தற்காப்பைத் தாண்டி நிற்பது) கொடி தூக்கினார். வி.ஏ.ஆர் அறை படத்தைச் சரியாகவே பார்த்தது, ஆஃப்சைடு இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு, “பார்த்தாச்சு, சரி” என்று சொல்லிவிட்டார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் அதை ஆஃப்சைடு உறுதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது, தொடங்கிய பிறகு திரும்பிப் போகச் சட்டம் விடாது. லிவர்பூல் கடைசி நிமிடத்துச் சொந்த கோலில் 2-1 என்று தோற்றது. அன்றைக்கு “ஆஃப்சைடு கோடு தப்பாகப் போட்டார்கள்” என்று கத்தியவர்கள் கோட்டை விட்டார்கள். கோட்டில் தப்பே இல்லை, பேச்சில்தான் தப்பு. சில நாளில் அந்த அறையின் ஒலிப்பதிவு வெளிவந்தது, எல்லோரும் காதால் கேட்டார்கள்.

இப்போது எனக்கு வலிக்கிற ஆட்டத்துக்கு வருகிறேன். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக்கவுட். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக், பிளாஸ்டர்ஸ் வீரர்களைச் சுவராக நிறுத்திக்கொண்டிருக்கும்போதே பெங்களூருவின் சேத்ரி பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமானோவிச் வீரர்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டார், திரும்பவில்லை.

அன்று நாங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி: “விசில் ஊதினாரா?” கேள்வியே தப்பு. ஃப்ரீ கிக்குக்கு விசில் வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் சொல்லவில்லை. அட்டை காட்டியிருந்தால், காயத்துக்கு நிறுத்தியிருந்தால், ஆள் மாற்றியிருந்தால், சுவரை 9.15 மீட்டருக்குத் தள்ளி வைக்க ரெஃப்ரி தலையிட்டிருந்தால், அப்போதுதான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபவுல் பட்ட அணி டக்கென்று எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி, “விசிலுக்குக் காத்திரு என்று கை காட்டினாரா? சுவரைத் தள்ளச் சொன்னாரா?” என்பதுதான். அதற்கு ஆம் என்றால் பிளாஸ்டர்ஸ் பக்கம் நியாயம், இல்லை என்றால் சேத்ரி கெட்டிக்காரர். அந்த ஒரு நொடியை விவாதித்திருந்தால் எங்கள் தரப்புக்கு எடை இருந்திருக்கும். அதை விட்டு வெளியேறியதில் கிடைத்தது என்ன? இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே தோல்வி, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டம் தடை. ரெஃப்ரி தப்பு செய்திருந்தாலும்கூட அது நல்ல பேரம் இல்லை.

ரீப்ளே பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. கேமரா எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிட்டோமா கோல் கோட்டருகே பந்தை இழுத்துக் கொடுக்க, தனாகா உள்ளே தள்ளினார். பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் பந்து முழுசாக வெளியே போனது மாதிரி இருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் ஒரு நூல் விளிம்பு கோட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்துக்கு அது போதும், பந்து தரையைத் தொடும் புள்ளியை யாரும் பார்ப்பதில்லை. முழுப் பந்தும் தாண்டினால்தான் வெளியே. அந்த கோலில் ஜப்பான் ஜெயித்தது, ஜெர்மனி மூட்டை கட்டியது.

ஸ்லோ மோஷனையும் நம்பாதீர்கள். மெதுவாக ஓட்டினால் எந்த டாக்கிளும் கொலை முயற்சி மாதிரிதான் தெரியும். வி.ஏ.ஆர் விதியிலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்: எங்கே பட்டது, கையில் பட்டதா என்று பார்க்க ஸ்லோ மோஷன், எவ்வளவு வேகமாக இடித்தார் என்று பார்க்க சாதா வேகம். வீட்டிலும் அதே முறையைப் பின்பற்றுங்கள். ஆஃப்சைடுக்குப் படத்தை நிறுத்தும்போது, பந்து கொடுப்பவரின் கால் பந்தை முதலில் தொட்ட நொடியில்தான் நிறுத்தினீர்களா என்று பாருங்கள். டிவி ரிமோட்டில் அது லேசில் வராது. கை ஆஃப்சைடில் கணக்கில்லை, அக்குளின் அடிப்பகுதிக்குக் கீழே இருப்பதெல்லாம் கைதான்.

அப்புறம் சில வசனங்களை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். “கடைசி ஆள், அதனால் ரெட்” என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து அவர் வசப்படுமா, மற்ற டிஃபெண்டர்கள் எங்கே, இந்த நாலையும்தான் பார்ப்பார்கள். 2016க்குப் பிறகு, பெனால்டி பாக்ஸுக்குள் பந்தை எடுக்கப் போய் இடித்திருந்தால் பெனால்டியோடு மஞ்சள் மட்டும்தான். “பந்தைத்தான் முதலில் தொட்டார்” என்பதும் தப்பிக்கும் வழி இல்லை, பந்தைத் தொட்டுவிட்டு ஆள் காலை உடைத்தாலும் ஃபவுல்தான். கவனக்குறைவு என்றால் வெறும் ஃபவுல், எதிராளிக்கு ஆபத்து என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள், அளவுக்கு மீறிய முரட்டுத்தனம் என்றால் சிவப்பு. “வேண்டுமென்று கையால் தொடவில்லையே” என்பது டிஃபெண்டருக்குச் சில நேரம் பொருந்தும், கோல் அடித்தவருக்குப் பொருந்தாது. தெரியாமல் கையில் பட்டு நேராக உள்ளே போனாலும் அந்த கோல் செல்லாது.

வி.ஏ.ஆர் இல்லாத இடத்தில், அதாவது நம் ஊர் ஆட்டங்களில், இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் ஓடி வந்து சூழ்ந்தால் எந்த ரெஃப்ரியும் மனசு மாற மாட்டார், பயத்தில் இன்னும் விறைத்துக்கொள்வார். கேப்டன் ஒருவர் போனால் போதும், 2024 யூரோவிலேயே அப்படித்தான் நடத்தினார்கள். போய், “ஏன் சார் கொடுத்தீங்க?” என்று கேட்காதீர்கள், அது சண்டைக்குக் கூப்பிடுவது. “என்ன பார்த்தீங்க சார்?” என்று கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன், கத்தியவர்களுக்கு அட்டைதான் காட்டினேன். சில நேரம் அந்தப் பதிலைச் சொல்லும்போதே, அடுத்த கார்னரில் அந்த டிஃபெண்டரின் கையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

ரெஃப்ரியின் வீட்டு முகவரி, பிள்ளைகளின் படம், அவர் சமூக வலைத்தளப் பக்கம், இந்தப் பக்கமெல்லாம் போகாதீர்கள். அது திட்டு இல்லை, ரவுடித்தனம். தீர்ப்பைத் திட்டுங்கள், எந்த வகைத் தப்பு என்று சொல்லித் திட்டுங்கள்.

சட்டப் புத்தகம் ஐஃபாப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 17 விதிகள், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஆஃப்சைடுக்கு 11, ஃபவுலுக்கும் ஹேண்ட்பாலுக்கும் 12, ஃப்ரீ கிக்குக்கு 13. போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் ஜூலை 1 முதல் புதிய பதிப்பு அமலுக்கு வரும், பழையதை வைத்துக்கொண்டு டீக்கடையில் பந்தயம் கட்டிவிடாதீர்கள்.