ஏற்காட்டில் எழும்பாத பலூன்: ஈஸ்ட் சர்க்கரையை உடைப்பதைப் பார்ப்பது எப்படி?

மே மாதம் சேலத்தில் எங்கள் வீட்டில் இந்தச் சோதனை ஜோராக வந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாகத்தான் கொட்டும். டிசம்பரில் ஏற்காட்டில் அக்கா பிள்ளைகளுக்குச் செய்து காட்டப் போனேன். ஒரு மணி நேரம் ஆகியும் பலூன் துவண்டே கிடந்தது. "மாமா, அது தூங்குது" என்றாள் சின்னவள்.

அரை லிட்டர் பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட் போட்டுக் குலுக்கி, வாயில் பலூனை மாட்டுங்கள். ஈஸ்டைச் சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். பிரித்து மாதக்கணக்கான டப்பாவை நான் நம்புவதில்லை. பலூனை முதலில் ஒருமுறை ஊதித் தளர்த்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் விஷயமே. 35 முதல் 40 டிகிரி வேண்டும். குளிர்ந்த நீரில் ஈஸ்டின் நொதிகள் மந்தமாகிவிடும். அது புரிந்ததும் அவசரப்பட்டு, அடுத்த பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஈஸ்ட் சாக 60 போதும். மொத்தமும் காலி. குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுதான் பதம். மூன்றாம் முறை, பாட்டிலை வெந்நீர்ச் சட்டிக்குள் அந்தச் சூட்டில் நிறுத்தினேன். அரை மணியில் பலூன் நிமிர்ந்தது.

உள்ளே நடப்பது என்ன? சர்க்கரை முதலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரியும். ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட பைருவேட் என்ற இரண்டு மூலக்கூறுகளாக உடையும். படிக்கிற காலத்தில் நான் இடறியது இங்கேதான்: ஆற்றல் வரும் என்கிறார்கள், செல் தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யில் முதலில் 2-ஐச் செலவழிக்கிறதே? செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரருக்கு இது புதிதில்லை, முதல் போடாமல் வியாபாரம் ஏது! 2 போட்டு 4 எடுக்கிறது. கையில் நிற்பது 2. இதுவரை ஒரு குமிழிகூட வராது. பைருவேட் எத்தனாலாக மாறும் வழியில்தான் கார்பன் டை ஆக்சைடு கழன்று பலூனுக்குள் ஏறும். நம் செல்களோ, ஆக்சிஜன் இருந்தால், பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் கூடத்துக்கு அனுப்பி, ஒரு குளுக்கோஸில் மொத்தம் சுமார் 30 ஏ.டி.பி. தேற்றிவிடும்.

பின்சேர்க்கை: ஜவ்வரிசிக் கஞ்சியில் வருமா என்று கேட்கிறார்கள் (சேலத்துக்காரர்கள் கேட்காவிட்டால்தான் அதிசயம்). வராது. ஸ்டார்ச்சை உடைக்கும் அமிலேஸ் பேக்கரி ஈஸ்டிடம் இல்லை. நம் எச்சிலில் இருக்கிறது. ஆறிய கஞ்சியை ஒரு மடக்கு வாயில் வைத்திருந்து, திரும்பக் கஞ்சியிலேயே துப்பி, அரை மணி கழித்து ஈஸ்ட் போட்டேன். பலூன் மெல்ல எழும்பியது. அந்தப் பாட்டிலைத் தன் சமையலறையில் கழுவ மட்டும் அக்கா விடவில்லை.