உவமைக் கதையை ஆய்வு செய்வது எப்படி: நூறு ஆடுகளின் கதையை முன்வைத்து

நற்செய்தி நூல்களிலுள்ள உவமைக் கதைகளை ஆராயத் தொடங்குபவருக்கு முதல் இடையூறு, அக்கதைகள் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளியிலும் மறையுரையிலும் கேட்டுப் பழகிய கதை, படிக்கும் முன்பே தன் பொருளையும் சொல்லிவிடுகிறது. அந்தப் பொருள் நூலில் இருக்கிறதா, நம் நினைவில் இருக்கிறதா என்று பிரித்தறிவதே ஆய்வின் பாதி வேலை. ஆகவே பொருள் கூறுவதைக் கடைசிவரை தள்ளிவைத்து, ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களிலிருந்து தொடங்கும் வழியை இங்கே விளக்குகிறேன். மத்தேயு 18:12-14, லூக்கா 15:3-7 ஆகிய இரண்டு இடங்களிலும் வரும் நூறு ஆடுகளின் கதை இதற்கு மிகவும் ஏற்றது. அளவில் சிறியது, வேறுபாடுகளில் செறிந்தது.

முதலில் 'உவமை' என்னும் சொல்லைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தொல்காப்பியத்தின் உவமவியல், வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாக ஒன்றை ஒன்றோடு ஒப்பிடுவதைப் பேசுகிறது. நற்செய்தி நூல்களின் கிரேக்கச் சொல்லான 'பரபொலே' அதைவிட அகன்றது. எபிரேயத்தில் பழமொழி, புதிர், கதை ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும் 'மாஷால்' என்ற சொல்லுக்கு ஈடாகப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது வழங்கியதால், அந்த அகலம் அதற்கும் வந்துவிட்டது. "வைத்தியனே, உன்னைத்தானே குணமாக்கிக்கொள்" என்னும் லூக்கா 4:23-ஐப் பாருங்கள்: மூலத்தில் அது பரபொலே, தமிழ் வேதாகமத்தில் 'பழமொழி'. யோவானோ 10:6-இல் 'பரோய்மியா' என்ற வேறொரு சொல்லையே பயன்படுத்துகிறார். எனவே எவற்றை உவமைக் கதை என்று எண்ணுகிறீர்கள், ஏன் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கருப்பொருள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே வேறொரு பொருளைக் காணும் உள்ளுறை உவமம் நமக்குப் பழக்கமானது. அந்தப் பயிற்சி இங்கே உதவியாகவும் இருக்கும், வலையாகவும் இருக்கும். கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவருக்குச் சமாரியர் ஒருவர் உதவும் நல்ல சமாரியர் கதையில் (லூக்கா 10), அடிபட்டவர் ஆதாம், எருசலேம் விண்ணக நகரம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் என்று பழைய திருச்சபை அறிஞரான அகுஸ்தீன் பொருள் கண்டது இத்தகைய வாசிப்பே. பக்திக்கு அது துணை செய்திருக்கலாம். ஆனால் எந்தக் கதையிலும் எதையும் ஏற்றிச் சொல்ல அது இடம் தருகிறது என்பதை மறக்கக்கூடாது.

இனி செய்முறைக்கு வருவோம். ஒரு தாளை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரித்து, மத்தேயுவை இடப்பக்கமும் லூக்காவை வலப்பக்கமும் உங்கள் கையால் எழுதுங்கள். நற்செய்தி நூல்களை அருகருகே அமைத்துக் காட்டும் அச்சிட்ட இணைநூலைப் பார்ப்பதும் நல்லதே. 1963-இல் முதலில் வெளிவந்த குர்த் ஆலந்தின் கிரேக்க இணைநூல் இன்றும் இத்துறையின் அடிப்படைக் கருவி. ஆனாலும் கையால் எழுதும்போது கண்ணில் படுபவை வாசிக்கும்போது தப்பிவிடுகின்றன. கிரேக்கம் தெரியாதவர் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைக் கொண்டே தொடங்கலாம். அதிலேயே மத்தேயுவின் ஆடு 'சிதறிப்போனது', லூக்காவின் ஆடு 'காணாமற்போனது' என்று வேறுபாடு தெரியும். கிரேக்கத்தில் மத்தேயு வழிதவறுதலைக் குறிக்கும் வினையையும், லூக்கா தொலைந்து அழிதலைக் குறிக்கும் வினையையும் ஆள்கிறார்கள். மத்தேயுவில் மலைகள் வருகின்றன, லூக்காவில் வனாந்தரம். மத்தேயுவில் 'கண்டுபிடித்தால்' மகிழ்வான், அதாவது கண்டுபிடிக்காமலும் போகலாம்; லூக்காவில் கண்டுபிடிக்கும் வரை தேடுகிறான். ஆட்டைத் தோளில் போட்டுக்கொள்வதும், நண்பரையும் அயலாரையும் கூட்டி மகிழ்வதும் லூக்காவில் மட்டுமே உள்ளன.

இந்த வேறுபாடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, கதை யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரம், விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர் கேட்பதோடு தொடங்குகிறது. கதையைக் கேட்பவர்களும் அவர்களே, கதையின் முடிவிலும் 'சிறியோருள் ஒருவர்கூடக் கெட்டுப்போகக் கூடாது' என்ற கவலையே வருகிறது. லூக்கா 15-இல், இயேசு பாவிகளோடு உண்கிறார் என்று முணுமுணுக்கும் பரிசேயருக்கும் மறைநூல் அறிஞருக்கும் அதே கதை விடையாகிறது. அங்கே விலகிப்போகும் சகோதரரைத் தேட வேண்டிய சபையின் கடமை. இங்கே இயேசு ஏன் இவர்களோடு பந்தியில் அமர்கிறார் என்பதற்கான நியாயம். 'வழிதவறியது', 'தொலைந்தது' என்ற இரு சொற்களும் அந்தந்தச் சூழலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இப்போது உணரலாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எசேக்கியேல் 34:16-ஐத் திறந்தால் வியப்பு இன்னும் கூடும்: தொலைந்ததைத் தேடுவேன், வழிதவறியதைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று கடவுள் சொல்லும் அந்த ஒரே வசனத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இவ்விரு வினைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

லூக்காவின் முடிவுரையைத் தனியாக எடுத்து ஆராயுங்கள். மனம் மாறும் ஒரு பாவியைக் குறித்து விண்ணகத்தில் மகிழ்ச்சி உண்டாகும் என்கிறது 15:7. ஆனால் ஆடு மனம் மாறவில்லை, அது தூக்கிவரப்பட்டது. அடுத்த கதையில் வரும் திராக்மா நாணயத்துக்கோ மனமே கிடையாது. கதைக்கும் முடிவுரைக்கும் இடையே இப்படி ஒரு பொருந்தாமை தெரியும்போது, கதை முன்னரே வழங்கிவந்து, முடிவுரை நற்செய்தியாளரின் கையால் அமைந்திருக்குமோ என்று கேட்க வேண்டும். மனமாற்றம் லூக்கா மிகவும் விரும்பிப் பேசும் பொருள் என்பதால் இந்தக் கேள்விக்கு வலு இருக்கிறது. ஆனாலும் அது முடிந்த முடிவல்ல.

மாற்குவில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக உள்ளவற்றை, 'கியூ' என்று பெயரிடப்பட்ட ஒரு கருதுகோள் மூலத்திலிருந்து வந்தவை என்று பலர் கொள்கிறார்கள். அந்த மூலத்தின் சுவடி எதுவும் கிடைத்ததில்லை. ஆகவே 'கியூவில் இப்படி இருந்தது' என்று துணிந்து எழுதாதீர்கள். 1945-இல் எகிப்தின் நாக் அம்மாதியில் கிடைத்த கோப்து மொழித் தோமா நற்செய்தி, விவிலியத்தில் சேராத நூலானாலும், அப்படியல்ல, கையில் இருக்கிறது. அதன் 107-ஆம் கூற்றில் தவறிப்போவது ஆடுகளிலேயே பெரியது. தேடிக் களைத்த மேய்ப்பர், தொண்ணூற்றொன்பதைவிட உன்னையே அதிகமாக நேசிக்கிறேன் என்று அதனிடம் சொல்கிறார். மத்தேயுவில் சிறியோரைக் குறித்த கதை இங்கே பெரியதைக் குறித்ததாகிவிட்டது. உங்கள் தாளில் மூன்றாவது பத்தியாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னணிச் செய்திகளைச் சேர்க்கும் கட்டத்தில்தான் பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குகின்றன. எண்கள் பற்றிய செய்திகளைச் சரிபார்ப்பது எளிது: ஒரு தாலந்து 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, எனவே மத்தேயு 18:24-இல் ஊழியன் ஒருவன் பட்ட கடனான பத்தாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி, சக ஊழியன் அவனிடம் பட்ட நூறு தெனாரியக் கடனைப் போல் ஆறு லட்சம் மடங்கு. யூத சமயம் பற்றிய செய்திகளுக்கோ இருமடங்கு கவனம் தேவை. நல்ல சமாரியர் கதையில் தீட்டுக்கு அஞ்சியே குருவும், கோயில் உதவியாளரான லேவியரும் அடிபட்டவரை விட்டு விலகினார்கள் என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். லூக்கா அப்படி எங்கும் சொல்லவில்லை. குரு எருசலேமை விட்டுக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார், கோயில் பணிக்குப் போகவில்லை. பிணத்தைத் தொடுவது பற்றி லேவியர் நூல் 21 விதிக்கும் தடை குருக்களுக்கு மட்டுமே உரியது. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பிணத்தைத் தலைமைக் குருவே ஆனாலும் அடக்கம் செய்யவேண்டும் என்கிறது யூதச் சட்ட மரபுகளின் பழைய தொகுப்பான மிஷ்னா. சரிபாராமல் எழுதும் இத்தகைய வரி, ஒரு சமூகத்தின் மேல் பழியாகவே நிலைத்துவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆய்வு வரலாற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். 1886-இல் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் யூலிக்கர், அகுஸ்தீன் செய்தது போன்ற உருவக வாசிப்பை மறுத்து, ஒரு கதைக்கு ஒரே கருத்து என்றார். 1935-இல் சி. எச். டாட், 1947-இல் யோவாக்கிம் எரேமியாஸ் ஆகிய அறிஞர்கள் கதைகளை இயேசுவின் வாழ்க்கைச் சூழலில் வைத்துப் பார்த்தார்கள். பின்வந்த பலர், யூலிக்கர் உருவகத்தை அளவுக்கு மீறி விரட்டிவிட்டார் என்று கருதுகிறார்கள். இஸ்ரயேலைத் தோட்டமாகப் பாடும் எசாயா 5-இன் திராட்சைத் தோட்டப் பாடலை அறிந்தவர், மாற்கு 12-இன் தோட்டத்தை வெறும் தோட்டமாகக் கேட்டிருக்க முடியாது என்பதால் எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. உங்கள் தாளை முடித்த பிறகே இவர்களின் நூல்களைத் திறங்கள்.

கடைசியாக, கதை சொல்லாமல் விட்டவற்றைப் பட்டியலிடுங்கள். மேய்ப்பர் போன பிறகு தொண்ணூற்றொன்பது ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று மத்தேயுவும் சொல்லவில்லை, லூக்காவும் சொல்லவில்லை. வேறு மேய்ப்பரிடம் ஒப்படைத்திருப்பார் என்று எழுதும் உரையாசிரியர்கள் உண்டு. அதை ஏற்கிறவர் ஏற்கலாம்; அது உரையாசிரியர் சேர்த்தது, கதையில் உள்ளதல்ல என்பதை மட்டும் அதே பக்கத்தின் அடிக்குறிப்பில் தெளிவாகப் பதிந்துவிடுங்கள்.