மூங்கிலுக்குள் வாழும் தவளையைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓக்லாண்ட்ரா மூங்கில் புதர்களுக்கு ஆய்வுக்காக வரும் புதியவர்கள், ஒவ்வொரு மழைக்காலத்திலும் நான் முன்பு செய்த அதே பிழைகளைத் தவறாமல் செய்கிறார்கள். வனத்துறை அனுமதி, அட்டைக்கடி போன்றவற்றை அவர்களே அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே பேசப்படுவது ராவோர்கெஸ்டெஸ் கலசோடெஸ் என்னும் புதர்த்தவளை. சுமார் 2.5 செ.மீ. நீளமே உள்ள இந்தப் பச்சைத் தவளை, 19ஆம் நூற்றாண்டில் விவரிக்கப்பட்டபின் நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர் எவர் கண்ணிலும் படவில்லை. மீண்டும் கண்டறியப்பட்டதாக 2011இல்தான் அறிவிப்பு வந்தது.

ஓடையில் தலைப்பிரட்டை தேடுவது

வீண் வேலை. இவ்வினத்தில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, குட்டித்தவளையாகவே வெளிவருகிறது.

கணுவிடையைத் திறந்து பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. கணுவிடை என்பது மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட உள்ளீடற்ற பகுதி. பூச்சிகளோ எலி வகைகளோ ஏற்படுத்திய, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கீறல் வழியாக உடலை நெளித்து உள்ளே நுழையும் ஆண், அங்கிருந்தே கூவிப் பெண்ணை அழைக்கிறது; பெண் ஐந்து முதல் எட்டு முட்டைகள் வரை இட்டுச் சென்றபின் காவல் முழுவதும் ஆணின் பொறுப்பு. என் முதல் பருவத்தில் அப்படியொரு கீறலைப் பேனாக்கத்தியால் விரல் நுழையும் அளவுக்கு அகலமாக்கி, முட்டைகளைக் கண்டு மகிழ்ந்தேன். மறுநாள் ஆண் இல்லை. மூன்றாம் நாள் முட்டைகளும் இல்லை. அவற்றைத் தின்றது எது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் காவல் நின்ற ஆண்களை அகற்றிச் செய்த கள ஆய்வொன்றில், அதே இனத்தின் பிற ஆண்களே ஆதரவற்ற முட்டைகளைத் தின்றது பதிவாகியுள்ளது.

அகன்ற துளையை மூங்கில் மீண்டும் மூடிக்கொள்வதில்லை என்பதால், இழப்பு அந்த முட்டைகளோடு முடிவதில்லை. அந்தக் கணுவிடையும் பயனற்றதாகலாம். சென்ற பருவத்தில் கத்தியும் கையுமாக நின்ற மாணவர் ஒருவர், “ஒன்றுதானே ஐயா” என்றார். அந்த ஒன்று, ஒரு தந்தையின் பருவம் முழுவதற்குமான உழைப்பாக இருக்கக்கூடும். மெல்லிய எண்டோஸ்கோப் கேமராவைக் கீறலின் விளிம்பில் உரசாமல் செலுத்திப் பார்க்கலாம். அது நுழையாவிட்டால் அடுத்த மூங்கிலுக்குப் போக வேண்டும்.

கூவலை மொத்த எண்ணிக்கையாக எழுதுவது

கூவுவது ஆண் மட்டுமே. பெண்கள் உங்கள் கணக்கில் இல்லை.

நிறத்தை மட்டும் நம்புவது

பச்சைப் புதர்த்தவளைகள் இம்மலைகளில் பல உண்டு. கூவல் பதிவு இல்லாத அடையாளத்தை நான் ஏற்பதில்லை.

மூங்கிலை உலுக்குவது

கூடாது.