கம்ப்யூட்டரில் தானாக வரும் விளம்பரங்கள்: எங்கிருந்து வருகின்றன என்று பிடித்து நீக்குவது எப்படி?

வலது பக்கக் கீழ் மூலையில் திடீரென்று ஒரு பெட்டி வருகிறது: "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன!" அதை மூடினால் அடுத்த நிமிடம் இன்னொன்று. பிரவுசரைத் திறந்தால் நீங்கள் வைக்காத ஹோம் பேஜ். பயந்துபோய் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, அதோடு குடும்பப் போட்டோக்களையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. காசு செலவில்லாமல் வீட்டிலேயே நீங்களே சரிசெய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் "கிளீனர்" ஒன்றை அவசரமாக டவுன்லோட் செய்யாதீர்கள். விளம்பரத்தை நீக்கித் தருவதாகச் சொல்லும் பல மென்பொருள்களே ஆட்வேர்தான், அதாவது விளம்பரம் காட்டுவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் நுழையும் மென்பொருள். முதலில் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 மற்றும் க்ரோம் பிரவுசருக்கானவை. எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸிலும் இதே வசதிகள் உண்டு, மெனுவில் இடம் மட்டும் கொஞ்சம் மாறும்.

படி 1: ஆளைக் கண்டுபிடியுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து ஏதாவது ஒரு கட்டுரைக்குப் போங்கள். விக்கிப்பீடியா விளம்பரம் போடுவதே இல்லை. எப்போதாவது நன்கொடை கேட்டு ஒரு பட்டை வரும், அவ்வளவுதான். அங்கேயும் கடன் விளம்பரமோ சூதாட்ட விளம்பரமோ தெரிந்தால், அது தளத்திலிருந்து வரவில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று அதை நடுவில் செருகுகிறது. முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல், அதாவது பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள் மேல்.

விக்கிப்பீடியா சுத்தமாக இருக்கிறது, ஆனால் மூலையில் பெட்டிகள் வருகின்றன என்றால் அது நோட்டிஃபிகேஷன், அதாவது ஒரு தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் அறிவிப்பு. பெட்டியை உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் வைரஸ் எச்சரிக்கை, பக்கத்தில் பிரபல ஆன்டிவைரஸ் ஒன்றின் லோகோ. ஆனால் அதே பெட்டியில் சின்ன எழுத்தில் க்ரோம் என்ற பெயரும், கேள்விப்பட்டிராத ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். உண்மையை அந்தச் சின்ன எழுத்துதான் சொல்கிறது.

பிரவுசரைத் தொடாமலேயே புது விண்டோக்கள் திறந்தால், ஏதோ ஒரு புரோகிராம் இன்ஸ்டால் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இலவசமாகப் படம் பார்க்கும் ஒரு தளத்தில் மட்டும் பாப்-அப் வருகிறது என்றால் உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இருக்காது. அந்தத் தளம்தான் அப்படி. அங்கே போவதை நிறுத்துங்கள்.

படி 2: நோட்டிஃபிகேஷனைத் தடுத்துவிடுங்கள்

"நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோவ் பட்டனை அழுத்துங்கள்" என்று ஒரு பக்கம் கேட்டிருக்கும். வீடியோ ஓட வேண்டுமே என்று அழுத்தியிருப்போம். அந்த ஒரு கிளிக்தான் இத்தனை நாள் தொல்லைக்கும் அனுமதிச் சீட்டு. இது வைரஸ் இல்லை. அதனால்தான் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டினாலும் ஒன்றும் சிக்குவதில்லை.

க்ரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி செட்டிங்ஸ் போங்கள். ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே இறக்கினால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி பிளாக் கொடுங்கள். ரிமூவ் வேண்டாம். ரிமூவ் செய்தால் அந்தத் தளம் மறுபடியும் அனுமதி கேட்க முடியும், பிளாக் செய்தால் முடியாது. அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாது என்ற தேர்வும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அதைக் கட்டாயம் போட்டுவையுங்கள்.

பிரவுசரை மூடிய பிறகும் பெட்டி வருகிறதே என்று சிலர் குழம்புவார்கள். மூடினாலும் க்ரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணி ஆப்கள் ஓடலாம் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள்.

படி 3: எக்ஸ்டென்ஷன்களைச் சோதியுங்கள்

முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் உள்ள புதிர்த்துண்டு ஐகானை அழுத்தி, மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போங்கள். எல்லாவற்றையும் அணையுங்கள். விளம்பரம் நின்றுவிட்டதா? இப்போது ஒவ்வொன்றாகத் திரும்ப ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். எதை ஆன் செய்ததும் விளம்பரம் திரும்புகிறதோ அதுதான். ரிமூவ் கொடுங்கள்.

பழகிய, நல்ல பெயருள்ள எக்ஸ்டென்ஷனையும் விட்டுவைக்காதீர்கள். எழுதியவர் அதை வேறொருவருக்கு விற்றுவிடலாம், வாங்கியவர் அடுத்த அப்டேட்டில் விளம்பரத்தைச் சேர்த்துவிடலாம். 2014 ஜனவரியில் 'ஆட் டு ஃபீட்லி' என்ற க்ரோம் எக்ஸ்டென்ஷனுக்கு இதுதான் நடந்தது. கைமாறியது பயனர்களுக்குத் தெரியாது. அப்டேட் தானாக வந்தது, பார்க்கும் பக்கங்களில் எல்லாம் விளம்பரம் நுழைந்தது. செய்தி வெளியான பிறகு கூகுள் அதை ஸ்டோரிலிருந்து தூக்கியது.

ரிமூவ் பட்டனே வேலை செய்யவில்லை, க்ரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது என்றால் கவனியுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் அது இயல்பு, அங்குள்ள ஐடி ஆட்களிடம் கேளுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த வரி இருந்தால் ஆட்வேர் தனக்கென்று ஒரு பாலிசியை, அதாவது நீங்கள் மாற்ற முடியாதபடி பிரவுசரைக் கட்டுப்படுத்தும் விதியை, எழுதிவைத்திருக்கலாம். அதற்கு 5ஆம் படி.

படி 4: புரோகிராம்கள்

இம்முறை க்ரோமில் இல்லை, விண்டோஸின் செட்டிங்ஸைத் திறந்து ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் போங்கள். விண்டோஸ் 10-இல் இது ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றில், நீங்கள் போடாததை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++, இன்டெல், ரியல்டெக் என்று தொடங்குபவற்றில் கை வைக்காதீர்கள், அவை கம்ப்யூட்டருக்குத் தேவையானவை. நீக்கும்போது வரும் கேள்விகளை வரிக்கு வரி படியுங்கள். வைத்திரு என்ற பட்டனைப் பெரிதாகப் பச்சையில் காட்டி, நீக்கு என்பதை மங்கலான எழுத்தில் ஒளித்துவைப்பது இவர்களின் வழக்கம்.

படி 5: ஸ்கேன்

இப்போதுதான் கருவிக்கு வேலை. ஆட்வ்கிளீனர் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உருவானது. 2016 முதல் அது மால்வேர்பைட்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள், தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பர லிங்கை அழுத்தாதீர்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, அப்படியே ஓடும். திறந்திருக்கும் வேலைகளைச் சேவ் செய்துவிட்டு ஸ்கேன் கொடுங்கள். கிடைத்தவற்றைக் குவாரன்டைன் செய்து (இயங்க முடியாதபடி தனியே ஒதுக்கி) ரீஸ்டார்ட் செய்யுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நிறுவனப் பாலிசி வரி இருந்தால், ஸ்கேனுக்கு முன் இதன் செட்டிங்ஸில் க்ரோம் பாலிசியை ரீசெட் செய்யும் தேர்வையும் ஆன் செய்யுங்கள்.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஒரு ஃபுல் ஸ்கேன். அங்கேயே ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷனில், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீக்கியது திரும்ப வந்தால்

க்ரோமில் சிங்க் (ஒரே கணக்குள்ள கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஒரே அமைப்பை வைக்கும் வசதி) ஆனில் இருந்தால், நீக்கிய எக்ஸ்டென்ஷன் உங்கள் கூகுள் கணக்கு வழியாக மறுபடியும் இறங்கலாம். அதே கணக்கு உள்ள மற்ற கம்ப்யூட்டர்களிலும் பார்த்து நீக்குங்கள். பிறகு க்ரோம் செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ் கொடுங்கள். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அழியாது.

முழுத்திரையை மறைத்துக்கொண்டு "இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்" என்று ஒரு பக்கம் கத்தினால் அழைக்கவே அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் கீயைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். இந்தியாவில் இருந்து ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்த பிறகு, மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள்.