மல்லிகைச் சரம் கூர்மை, கோபுரம் மங்கல்: பிளெண்டரில் ஃபோகஸ் வைப்பது எப்படி?

மதுரை தெற்குச் சித்திரை வீதியில் பூக்கடையில் தொங்கும் மல்லிகைச் சரத்தை நல்ல கேமராவில் கிட்டப்போய் எடுத்தால், மொட்டு மொட்டாகப் பூ தெரியும். பின்னால் தெற்குக் கோபுரம் வண்ணத் திட்டுகளாகக் கரைந்து நிற்கும். கணினியில் உருவாக்கும் படத்தில் இது தானாக வராது. அதன் கேமரா வெறும் ஊசித்துளை. கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரே கூர்மையில் விழும்.

1984இல் கணினி வரைகலை ஆய்வாளர்களான ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்பெண்டர் மூவரும் இதற்கு அழகான வழி சொன்னார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் லென்ஸின் வெவ்வேறு இடங்களிலிருந்து பல கதிர்களை அனுப்பிச் சராசரி எடுப்பது. ஃபோகஸ் தூரத்தில் கதிர்கள் ஒன்றுகூடும், அங்கே கூர்மை. மற்ற இடங்களில் சிதறும், அங்கே மங்கல். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் இறுதிப் படத்தை உருவாக்கும் பகுதியான சைக்கிள்ஸும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

முதல் வேலை, அளவு. மொட்டு 2 சென்டிமீட்டர், கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர் என்று நிஜ அளவிலேயே செய்யுங்கள். நான் எல்லாவற்றையும் பத்து மடங்கு பெரிதாகச் செய்துவிட்டு, மங்கல் ஏன் வரவில்லை என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப்-ஸ்டாப் (லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எண்; சிறிய எண் என்றால் பெரிய திறப்பு) 2.8, சரம் 60 சென்டிமீட்டரில், கோபுரம் 100 மீட்டரில்: 1920 பிக்சல் அகலப் படத்தில் கோபுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 79 பிக்சல் வட்டமாக விரியும். காட்சி பத்து மடங்கானால் அது 8 பிக்சல்தான். கேமரா எவ்வளவு தூரம் வரை காட்டும் என்பதைச் சொல்லும் கிளிப் எண்ட் 100 மீட்டரில் இருந்தால் 1000 ஆக்குங்கள். இல்லையென்றால் கோபுரமே காணாமல் போகும்.

அடுத்து, கேமராவைத் தேர்ந்தெடுத்து டெப்த் ஆஃப் ஃபீல்டை (கூர்மையாகத் தெரியும் ஆழத்துக்கான அமைப்பை) டிக் செய்யுங்கள். ஃபோகஸ் தூரத்தை எண்ணாகக் கொடுக்காதீர்கள். ஒரு எம்ப்டி (படத்தில் தெரியாத வெற்று அடையாளப் பொருள்) சேர்த்து, ஃபோகஸ் ஆன் ஆப்ஜெக்டில் அதைக் கொடுங்கள். சரத்தையே கொடுத்தால் அதன் மையப்புள்ளிக்கு ஃபோகஸ் போய்விடும். இந்த அமைப்பில் கூர்மையாக நிற்கும் ஆழம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். அதனால் எம்ப்டியை முன்பக்கத்து மொட்டிலேயே வையுங்கள். வாழைநார் முடிச்சு பளிச்சென்று தெரிய வேண்டும்.

எஃப்-ஸ்டாப்பைக் குறைத்தால் மங்கல் கூடும். 1.4 வைத்தால் கோபுரத்தின் உருவமே அழிந்துவிடுகிறது. எனக்கு 2.8 முதல் 4 வரை பிடிக்கும்: சுதை உருவங்கள் கரையும், கோபுரம் கோபுரமாகவே இருக்கும்.

சாயங்காலக் காட்சி என்றால் பின்னால் சின்னச் சின்ன உருண்டைகளுக்கு, தானே ஒளிவிடும் எமிஷன் கொடுத்து சீரியல் பல்புகளாக்குங்கள். நல்ல பிரகாசம் இருந்தால்தான் ஒளி வட்டமாக மலரும். லென்ஸ் திறப்பின் இதழ்களைக் குறிக்கும் பிளேட்ஸ் 6 என்றால் வட்டம் அறுகோணமாகும்.

அப்புறம் ரெண்டர், அதாவது இறுதிப் படத்தைக் கணக்கிட்டு எடுப்பது. மங்கலான பகுதியில்தான் புள்ளிப் புள்ளியாக நாய்ஸ் வரும். சாம்பிள்களை (பிக்சலுக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையை) 512 வரை கூட்டி, அந்தப் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் போடுங்கள். படத்தை முழு அளவில் திறந்து முதலில் அந்த முடிச்சைப் பாருங்கள். அது மங்கி, பின்னால் உள்ள மொட்டு தெளிவாக இருந்தால், எம்ப்டியை ஒரு சென்டிமீட்டர் கேமரா பக்கம் நகர்த்தி மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.