மா பிசையும் இயந்திரத்தினுள் கை வைக்கும் முன்னர்

கிழக்கிலங்கையின் காத்தான்குடி, கல்முனைப் பகுதிப் பேக்கரிகளிலும் சம்மாந்துறை அரிசி ஆலைகளிலும் பணிபுரிவோர் இயந்திரத்தைத் துப்புரவு செய்வதற்கும் உள்ளே சிக்கியதை எடுப்பதற்கும் முன்னர், ஆளியை அணைப்பதுடன் நின்றுவிடாமல், பிரதான மின்னிணைப்பைத் துண்டித்து, அதற்குப் பூட்டிட்டு, உள்ளே கை வைப்பவரே சாவியைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். மின்தடைக்குப் பின் மின்சாரம் திடீரென வரும்போதும், விடயம் அறியாத இன்னொருவர் ஆளியைப் போடும்போதும், கையைக் காப்பது அந்தப் பூட்டுத்தான். மின்சாரம் நின்ற பின்னரும் சக்கரங்கள் சிறிது நேரம் சுழலுமாதலால், அவை முற்றாக நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

ஆபத்தான இயங்கு பாகங்களுக்குக் காப்பு மூடி இருக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதிக்கும் கடமையாகும். நோன்புக் காலத்திலும் பெருநாள் காலத்திலும் வேலை எவ்வளவு குவிந்தாலும், வேகத்துக்காக அந்த மூடியைக் கழற்றச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

விரல் துண்டிக்கப்பட்டுவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தவாறு 1990 இலக்க அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்து நோயாளியுடனேயே அனுப்புங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.