ஒரு டி-ஷர்ட்டுக்குப் போடும் காஸ்டிங், 40 லட்சம் படிப்புக்கு இல்லையா?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்வதற்கு முன்னால் நூல், நிட்டிங், சாயம், கட்டிங் வேஸ்ட், தையல், பேக்கிங் என்று பைசா விடாமல் காஸ்டிங் போடுவோம். அதே வீட்டில் பிள்ளையை வெளிநாட்டுக்கு பிசினஸ் மாஸ்டர்ஸ் படிக்க அனுப்புவது மட்டும் ஏதாவது கல்யாணப் பந்தியில் முடிவாகிவிடும். "ஏங்கண்ணு, அவிய பையன் கனடாவுல இருக்கானாமா, நல்ல சம்பளமாமா. நீயும் கெளம்பேன்." நானும் அப்படிக் கிளம்பியவன்தான். இங்கிலாந்தில் ஓராண்டு படித்துவிட்டு, இப்போது வீட்டுத் தொழிலில் இருக்கிறேன். யோசனை கேட்டு வரும் தம்பி, தங்கச்சிகள் பெரும்பாலும் நான் இடறிய இடத்திலேயே இடறப் பார்க்கிறார்கள்.

முதல் இடறல், படிப்பின் பெயரில். எம்பிஏ என்றால் நல்ல கல்லூரிகள் பொதுவாகச் சில ஆண்டு வேலை அனுபவம் எதிர்பார்க்கும். கல்லூரி முடித்த கையோடு போகிறவர்களுக்கானது எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட் மாதிரியான படிப்புகள். அனுபவமே கேட்காமல் எம்பிஏ தருகிறோம் என்று ஓர் இடம் சொன்னால், ஏன் கேட்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும். ஜெர்மனியில் இன்னொரு சிக்கல். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் சேர, இளநிலையிலேயே வணிகப் பாடங்களில் இத்தனை கிரெடிட் என்று இருக்க வேண்டும். பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர் அங்கேயே கழன்றுவிடுவார், பி.காம். முடித்தவருக்கு வழி உண்டு. கனடாவில் கல்லூரிகளின் பிசினஸ் பி.ஜி. டிப்ளமாவும் பல்கலைக்கழக மாஸ்டர்ஸும் ஒன்றல்ல. 2024 நவம்பர் முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களில் மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு, படிப்புக்குப் பின் அங்கே வேலை அனுமதி உண்டு, பொதுவான பிசினஸ் டிப்ளமாக்காரருக்குக் கிடையாது. இது தெரியாமல் இன்னமும் டிப்ளமாவுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பிசினஸ் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்விலும் பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "700 வேணும்" என்று அண்ணன் சொன்ன தேர்வு 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இப்போதைய அளவு 205 முதல் 805 வரை. இதில் 645 எடுத்தாலே பழைய 700-க்குக் கிட்டத்தட்டச் சமம். 645-ஐப் பார்த்து மனசு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் தெருவுக்கு இரண்டு கன்சல்டன்சி. "ஃபீஸே வாங்க மாட்டோம்" என்பார்கள். சரி, வாடகை எங்கிருந்து வருகிறது? நாம் சேரும் கல்லூரி கொடுக்கும் கமிஷனில் இருந்து. அது குற்றமில்லை, மஞ்சள் மண்டியிலும் தரகு உண்டுதானே. ஆனால் கமிஷன் இல்லாத இடத்தின் பெயர் அவர்கள் வாயில் வராது என்பதை மனதில் வையுங்கள். எனக்குப் போட்டுக் கொடுத்த ஐந்து கல்லூரிப் பட்டியலை இன்று பார்த்தால் ஏன் அந்த ஐந்து என்று புரிகிறது.

ஏன் இந்தப் படிப்பு என்று கல்லூரிக்கு நாம் எழுதும் கடிதமான எஸ்.ஓ.பி.யையும் அவர்களிடமே எழுதக் கொடுத்தேன். "சிறுவயது முதலே எனக்கு நிர்வாகத்தில் ஆர்வம்" என்று தொடங்கியது. பச்சைப் பொய். சிறுவயதில் எனக்கு கிரிக்கெட்டில்தான் ஆர்வம். வீட்டில் பனியன் கம்பெனி இருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு வரியோடு விட்டுவிட்டேன். சாயக் கழிவு வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு ஊரே மாற வேண்டி வந்தது. அந்தச் செலவைச் சுமந்துகொண்டு விலையில் எப்படிப் போட்டி போடுவது என்பது எந்த பிசினஸ் ஸ்கூலும் காது கொடுத்துக் கேட்கும் கதை. கரூர் ஜவுளியோ நாமக்கல் முட்டையோ, உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதை எழுதுங்கள். அப்பா கம்பெனியில் பார்த்த வேலையை அனுபவமாகக் காட்டலாம், ஆனால் காகிதம் வேண்டும். பெட்டிக்காசிலிருந்து கையில் வாங்கிய சம்பளத்துக்குச் சாட்சி கிடையாது. நியமனக் கடிதம், வங்கி வழியாக மாதச் சம்பளம், வருமான வரிக் கணக்கு என்று இரண்டு வருடம் முன்பே தொடங்க வேண்டும்.

அப்புறம் பணம். "பொள்ளாச்சியில பத்து ஏக்கர் தோப்பு இருக்குதுங்க, லோன் தர மாட்டாங்களா?" என்பார்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். கடன் வராமல் போனால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழி தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் டவுனுக்குள் அப்ரூவல் வாங்கிய ஐந்து சென்ட் மனைக்கு இருக்கும் மரியாதை தோப்புக்கு இல்லை. மனையே இருந்தாலும் பத்திரம் அப்பாரு (தாத்தா) பெயரில் கிடக்கும், பாகம் பிரித்திருக்க மாட்டார்கள். அதைச் சரிசெய்து, வில்லங்கம் போட்டு, வங்கி வக்கீலிடம் ஒப்பீனியன் வாங்குவதற்குள் செப்டம்பர் வந்துவிடும். அட்மிஷன் வந்த பிறகு இதைத் தொடங்குவது எங்கள் பக்கத்தில் ரொம்பச் சாதாரணமான தவறு.

இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. கணக்கு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். "சித்தப்பா அக்கவுண்ட்ல நெறைய இருக்குது" என்றால் செல்லாது. இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டும் கணக்கில் சேராது. தொழில் செய்யும் குடும்பங்கள் பலவற்றில் கையிருப்பு என்றாலே ஓ.டி.தான் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

வட்டியை ஒரு முறையாவது காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 40 லட்சம், 10.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் 35,000 ரூபாய் வட்டி. ஒரு வருடப் படிப்பும் அதன்பின் ஆறு மாத அவகாசமும் முடியும்போது கடன் 46 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து ஆண்டு தவணை என்றால் மாதம் 62,000-க்கு மேல். இங்கே திரும்பி வந்து வாங்கப்போகும் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. பவுண்ட் சம்பளத்தை வைத்துப் போடும் கணக்கு, அங்கே வேலை கிடைத்தால் மட்டும் நிற்கும்.

அந்த வேலைக்கான நாட்களும் குறைகின்றன. இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் முடித்தவர்கள் தங்கி வேலை தேட இருந்த இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். கல்யாணம் ஆனவர்கள் கவனிக்க: 2024 ஜனவரி முதல் தொடங்கும் இது மாதிரி மாஸ்டர்ஸ் படிப்புக்குத் துணையை அழைத்துப் போக முடியாது. படிக்கும்போது வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் சுயதொழில் கூடாது. நம்மாட்கள் சும்மா இருக்க மாட்டார்கள், ஊரிலிருந்து நாலு பெட்டி டி-ஷர்ட் வரவழைத்து ஆன்லைனில் விற்றுப் பார்க்கலாமா என்று கை அரிக்கும். விசா போய்விடும், வேண்டாம்.

நான் செய்ததில் பெரிய தவறு நாள்காட்டியைப் பார்க்காததுதான். படித்து முடித்துவிட்டு வேலை தேடலாம் என்று இருந்தேன். அங்கே பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை அடுத்த ஆண்டுக்கு எடுக்கும் விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கிலேயே திறந்து, பல இடங்களில் டிசம்பருக்குள் மூடிவிடுகின்றன. ஓராண்டுப் படிப்பில் அது நாம் பஸ் ரூட் கற்றுக்கொண்டிருக்கும் நேரம். நான் சிவி எழுத உட்கார்ந்தது ஜூன் மாதம். இந்த செப்டம்பரில் போகிறவர்கள் சிவியை ஆகஸ்டிலேயே முடித்துப் பல்கலைக்கழகத்தில் வேலை தேட உதவும் கேரியர் சர்வீஸுக்கு அனுப்பித் திருத்தி வாங்கிவிடுங்கள். பருப்புப் பொடி கட்டுவதை அம்மா பார்த்துக்கொள்வார்.